விலை போகாத வீடு
பெங்களூருவில் வீடு நெடுநாள் விலை போகாவிடில், பலரும் முதலில் புதுச்சாயம் பூசுகின்றனர். நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது ஆவணக் கோப்பை. 2024 இறுதி முதல் இங்கு இ-காத்தா இன்றிப் பத்திரப்பதிவு இயலாது. பி-காத்தா வீடாயின் வங்கிகள் பலவும் கடன் தரத் தயங்கும். முழுப் பணமும் கையில் உள்ளோரே வாங்க இயலும் என்றாகி, விலை இறங்கும்.

வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். என்றோ அடைத்த கடன், அடமான ரத்து ஆவணம் பதியப்படாமையால், அதில் இன்னும் நிலுவையாகவே நிற்கலாம். வாங்க வந்தவர் பின்வாங்க அதுவொன்றே போதும். கடன் தந்த கிளையை முன்னதாகவே அணுகுங்கள்.

2024 கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டிற்குப் பின், காவிரி இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, மழைநீர்த் தொட்டி பற்றிய கேள்வியும் தவறாமல் எழுகிறது. சாயமா? பூசலாம், சுவரின் நீர்க்கசிவை அடைத்த பிறகு. மதிப்பீட்டாளரின் கண்ணுக்கு அது தப்பாது.