கைக்குழந்தையின் பற்றுப்பிணைப்பை வளர்க்கும் முறைகள்

பாலூட்டிப் பசியாற்றுபவரிடமே குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உளவியலாளரிடையே மேலோங்கியிருந்தது. அச்சம், நோவு, களைப்பு நேரும்போது தன்னைக் காக்கவல்ல ஒருவரின் அண்மையை நாடுவது குழந்தையின் பிறவி இயல்பு என்பதைப் பிரித்தானிய உளமருத்துவர் ஜான் பௌல்பி 1969இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இந்த நாட்டம் குறிப்பிட்ட சிலரிடம் நிலைபெற்று உணர்வுறவாக வளர்வதே பற்றுப்பிணைப்பு எனப்படுகிறது. கிளாஸ்கோ நகரின் 60 குழந்தைகளைப் பற்றி ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, அழைப்புக்கு விரைந்து செவிசாய்ப்பவராயின் பாலூட்டாதவரிடமும் குழந்தை வலுவாகப் பிணைவதைக் காட்டியது. ஆகவே தாயோடு தந்தை, பாட்டி, வளர்ப்புப் பெற்றோர் என எவரும் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

1. அண்மையைப் பழக்குதல் (பிறப்பு முதல் ஆறு வாரம்)

பிறந்த சில நாள்களிலேயே தாயின் குரலையும் மணத்தையும் குழந்தை பிரித்தறிகிறது. ஆனால் அதன் பார்வை ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவிலேயே ஓரளவு தெளிவாக இருக்கும். மடியில் கிடத்தி, அந்தத் தொலைவில் முகத்தைக் காட்டி, மெல்லிய குரலில் பேச வேண்டும். வெற்று மார்பின்மேல் குழந்தையை அணைத்து வைத்திருப்பதும் நல்லது. அப்போது அதன் தலை ஒருபக்கமாகத் திரும்பி மூக்கு மறைபடாமல் இருப்பதையும், வைத்திருப்பவர் கண்ணயராமல் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

2. அழுகைக்கு உடனே செவிகொடுத்தல்

அழுதவுடன் தூக்கினால் குழந்தை அதற்கே பழகிவிடும் என்று வீடுகளில் அஞ்சுவதுண்டு. தொடக்க மாதங்களில் விரைந்து கவனிக்கப்பட்ட குழந்தைகள் முதலாண்டின் இறுதியில் குறைவாகவே அழுததாக சில்வியா பெல், மேரி எயின்ஸ்வொர்த் ஆகியோர் 1972இல் எழுதினர். முதலில் குரல் கொடுத்து, பிறகு தூக்கி அணைத்து, அதன்பின் பசி, ஈரம், புழுக்கம், தூக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அழுகை ஓயாமல் பொறுமை இழக்க நேர்ந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாந்து கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகியிருக்கலாம் அல்லது பிறரிடம் ஒப்படைக்கலாம். மூளைக் காயம் உண்டாகும் என்பதால் எந்நிலையிலும் குலுக்கக் கூடாது.

3. குறிப்பறிந்து ஈடுகொடுத்தல் (இரண்டு முதல் ஆறு மாதம்)

முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் இப்பருவத்தில், குழந்தை எழுப்பும் ஒலியை அவ்வாறே திருப்பிச் சொல்லி, அடுத்த ஒலி வரும்வரை காத்திருக்க வேண்டும். அது முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ முதுகை வளைத்தாலோ ஓய்வு நாடுகிறது என்று உணர்ந்து விளையாட்டை நிறுத்த வேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் நடத்திய சோதனையில், தாய் ஓரிரு நிமிடம் முகத்தைச் சலனமின்றி வைத்திருந்தபோது, குழந்தைகள் சிரித்தும் ஒலியெழுப்பியும் அவளை மீட்க முயன்று, பயனில்லாதபோது வாடி முகம் திருப்பின. பாலூட்டும்போதும் உடைமாற்றும்போதும் கைபேசியை விலக்கி வைக்க இதுவே போதிய காரணம்.

4. வேற்றுமுகம் காணும் பருவத்தைக் கையாளுதல் (ஏழு, எட்டு மாதம்)

புதியவரைக் கண்டு அழுவது வளர்ப்பின் குறையன்று. தன்னவர் யாரென்று குழந்தை தேர்ந்துகொண்டதன் அடையாளம். விருந்தினர் கையில் வலிந்து கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்து, அவர் சற்றுத் தள்ளியிருந்து பேச, குழந்தை தானே கைநீட்டும்வரை பொறுத்திருப்பது முறை.

5. பிரிவைப் பழக்குதல்

குழந்தை பாராத நேரத்தில் நழுவிச் சென்றால் அதன் அச்சம் பெருகும். பழகியவரிடம் விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் விடைபெற்று, முதலில் சிறு பொழுதுகளாகவும் பிறகு மெல்ல மெல்ல நீட்டித்தும் பிரிய வேண்டும். திரும்பியவுடன் மற்ற வேலைகளுக்கு முன் குழந்தையைத் தூக்க வேண்டும். பகல்நேரக் காப்பகத்திலும் ஒரே பணியாளர் தொடர்ந்து கவனிக்குமாறு ஏற்பாடு செய்வது நன்று.

6. பாதுகாப்புத் தளமாக இருத்தல்

உகாண்டாவின் கம்பாலாவை ஒட்டிய ஊர்களில் 1954-55இல் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கிய எயின்ஸ்வொர்த், அவை தாயை விட்டுத் தவழ்ந்து சென்று, சுற்றிலும் ஆராய்ந்து, மீண்டும் தாயிடமே வருவதைப் பதிவுசெய்தார். குழந்தை துணிந்து செல்வதற்கு உறுதுணையாகும் இந்த இருப்பே பாதுகாப்புத் தளம் எனப்படுகிறது. திரும்பிப் பார்க்கும்போது தலையசைப்பும், திரும்பி வரும்போது அணைப்பும் கிடைத்தால் போதும்.

இவற்றை எவராலும் பிழையின்றிச் செய்ய இயலாது. தவறவிட்ட குறிப்பைச் சற்றுப் பின்னராவது உணர்ந்து ஈடுசெய்வதே பிணைப்பை வலுப்படுத்துகிறது. மகப்பேற்றுக்குப்பின் தாயின் சோர்வும் துயரும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுவதும், குடும்பத்தார் அவள் சுமையைப் பகிர்வதும் குழந்தைக்கே செய்யும் பணியாகும். ஒன்பது மாதமாகியும் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்காமலோ, வளர்ப்பவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தி அறியாமலோ இருப்பின், காலந்தாழ்த்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.