டார்ப்பிடோ மிச்சம் பிடிக்க சில சோனார் குறிப்புகள்

2005-ல் வந்த ‘டேஞ்சரஸ் வாட்டர்ஸ்’ நீர்மூழ்கி விளையாட்டை இன்னும் விடாமல் ஆடும் நண்பர்களே, இவை உங்களுக்குத்தான்.

1. திரையில் புதுக் கோடு தெரிந்த உடனே ஆக்டிவ் சோனாரைத் தட்டாதீர்கள். ஒரே ‘பிங்’கில் தூரம் கிடைத்துவிடும், சரி, ஆனால் நீங்கள் பதுங்கியிருக்கும் இடமும் எதிரிக்குத் தெரிந்துபோகும்.

2. நாரோபேண்டில் 50 ஹெர்ட்ஸில் கோடு விழுந்தால் ரஷ்யக் கப்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். 60 என்றால் அமெரிக்கக் கப்பல். கப்பலுக்குள் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரம்தான் அப்படிக் கசிகிறது. நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மறக்கவே மறக்காது.

3. டெமன் திரையில் கோடுகளை எண்ணிப் பாருங்கள், ப்ரொப்பெல்லருக்கு எத்தனை இறக்கை என்று தெரிந்துவிடும். ஏழு வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். நவீன நீர்மூழ்கிகள் பலவற்றுக்கும் ஏழுதான்.

4. பின்னால் இழுத்துவரும் சோனாருக்கு இடம் வலம் தெரியாது. அதனால் ஒரே கப்பலை இரண்டு பக்கமும் காட்டும். நீங்கள் நேர் வடக்கே போகும்போது 60 டிகிரியிலும் 300 டிகிரியிலும் ஒரே சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரிக்குத் திரும்பி, கேபிள் நேராகும்வரை பொறுங்கள். அசல் 60-லேயே நிற்கும். போலி 300-லிருந்து 20-க்குத் தாவிவிடும். இந்த ஒரு திருப்பம் எத்தனையோ டார்ப்பிடோக்களைக் காப்பாற்றும்!

5. திசை மாறாமல் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனால், வருகிறவர் உங்கள்மேல் மோதும் வழியில் வருகிறார். யோசிக்காமல் விலகுங்கள்.

6. அவசரப்பட்டு வேகம் கூட்டினால் நம் இரைச்சலே காதை அடைத்துவிடும். மெதுவாகப் போனாலும் நம் வால்பக்கம் செவிடுதான், அவ்வப்போது வளைந்து திரும்பிக் கேளுங்கள்.

7. கடல் காலியாக இருக்கிறதே என்று நினைக்கும் முன், வெப்ப அடுக்குக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள். அடுக்கின் மறுபக்கத்துச் சத்தம் பெரும்பாலும் நம்மை எட்டாது.

8. தூரக் கணக்குப் போடும்போது, மூன்று நிமிடத்தில் ஓடிய கெஜத்தை 100-ஆல் வகுத்தால் வேகம் நாட்டில் கிடைக்கும். 1000 கெஜம் என்றால் 10 நாட், கால்குலேட்டரே வேண்டாம்.

9. சத்தம் இருக்கிறது, ப்ரொப்பெல்லர் தாளம் இல்லை என்றால் அது திமிங்கிலமாக இருக்கலாம். ஹெட்போனை மாட்டி நிதானமாகக் கேட்டுவிட்டு, பிறகு டார்ப்பிடோ பட்டனில் கை வையுங்கள்.