கேம் எஞ்சின் தேர்ந்தெடுக்கிறீர்களா?

எந்த எஞ்சின் நல்லது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தே பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் கணினியைப் பாருங்கள். சாதாரண லேப்டாப்புக்கு கோடோ (Godot) எஞ்சின் போதும். இறக்கிய ஜிப்பைப் பிரித்ததும் ஓடும். அன்ரியல் எஞ்சினுக்குப் பல பத்து ஜிபி இடமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும்.

2. தெரிந்த மொழியை ஒட்டிப் போங்கள். பைத்தான் தெரிந்தவருக்கு கோடோவின் ஜிடிஸ்கிரிப்ட் சட்டெனப் பிடிபடும். சி ஷார்ப் தெரிந்தவருக்கு யூனிட்டி. நிரலே எழுத வராதவருக்கு ஜிடெவலப்.

3. ஒரே சின்ன ஆட்டத்தை இரண்டு எஞ்சின்களில் செய்து பாருங்கள். பந்து மட்டையில் பட்டுத் திரும்ப வேண்டும், ஸ்கோர் ஏற வேண்டும், தோற்றால் மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவு போதும். அதை உங்கள் போனிலும் ஏற்றிப் பாருங்கள். கணினியில் சரியாக ஓடும் ஆட்டம் விரல் தொடுகையில் எங்கே தடுமாறுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

4. உரிமத்தைப் படியுங்கள், விதிகள் மாறும். இன்ஸ்டால் கணக்கில் கட்டணம் என்று யூனிட்டி 2023-இல் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் 2024-இல் கைவிட்டது. கோடோ முற்றிலும் இலவசம்.

5. முதல் நாளே, நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) போடுங்கள். கெடுத்த நிரலை மீட்கலாம்.

2டி ஆட்டம்தான் ஆசை என்றால், கோடோவிலேயே தொடங்குங்கள்.