பர்வதமலை: ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி

பர்வதமலைக்குக் கிளம்பும் கண்ணமங்கலத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம், "எவ்வளவு நேரத்துல ஏறலாம்ண்ணா?" என்பதுதான். இறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சுமார் 4,500 அடி உயர மலை அது. முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

தென்மாதிமங்கலம் பச்சையம்மன் கோயில் பக்கமாக ஏறி, கடலாடிப் பக்கம் இறங்குவது என் வழக்கம். பைக்கில் போனால் இது நடக்காது; வண்டியை விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸை நம்மூர் கண்ணமங்கலத்தில் பிடித்து, போளூரில் இறங்கி மாறுவதே நல்லது.

முதலில் படிகள், பிறகு கரடுமுரடான கல்பாதை. இரண்டு வழிகளும் மேலே ஒன்றுசேர்ந்த பிறகுதான் கடப்பாறை நெட்டு வரும். பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும், அதற்கப்புறம் ஏணிப்படி. வெயில் ஏறிவிட்டால் இரும்பில் கை வைக்க முடியாது. ஆகவே விடிந்ததும் அடிவாரத்தில் நில்லுங்கள். வனத்துறை அனுமதிக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உச்சியில் மல்லிகார்ஜுனரைத் தொட்டு நாமே அபிஷேகம் செய்யலாம். அந்த நிறைவுக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். நன்னன் என்ற மன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு, 583 அடி. அதைப் பாடிய பெருங்கௌசிகனார் சொல்லும் எச்சரிக்கைகளைப் படித்தால் மலையில் நடந்து பார்த்தவர் என்றே தோன்றும். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்த பிறகு போங்கள். பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள். குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்துச் செல்லுங்கள் என்கிறார். பொறி இன்று இல்லாமல் இருக்கலாம். பாசியும் பாம்பும் அப்படியேதான் இருக்கின்றன.

கடலாடி வழியில் நிழல் அதிகம். ஆனால் காய்ந்த சருகுக்கு அடியில் உருளும் கல் கிடக்கும். நெசவுக் குழித்தறியில் மிதிபலகையை மிதிப்பதுபோல, ஒரு காலில் முழுப் பாரமும் நிலைத்த பிறகே அடுத்த காலை எடுங்கள். முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாக இறங்குங்கள். முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஷூவின் முனையில் இடித்து ரத்தம் கட்டும். நல்ல கம்பு ஒன்று இருந்தால் முழங்காலின் சுமை குறையும். மேகம் கட்டினால் ஓடையைக் கடக்க அவசரப்படவே கூடாது. மேலே பெய்த மழை கீழே திடீரென்று வெள்ளமாக வரும். தண்ணீர் வடியும்வரை இக்கரையிலேயே உட்காருங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கடலை மிட்டாய் போதும். பிளாஸ்டிக் பை கையில் தொங்கினால் குரங்கு பிடுங்கிவிடும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். காலி பாட்டிலையும் கீழே கொண்டுவந்துவிடுங்கள். பௌர்ணமியன்று கூட்டம் நெருக்கும், கடப்பாறை நெட்டில் வரிசை நகராது. முதல் தடவை போகிறவர்கள் சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள். மதியம் தாண்டுவதற்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் கடலாடி வந்துவிடலாம், போளூருக்கு பஸ்ஸும் கிடைக்கும்.