டிராக்டரில் போல்ட் ஏன் கழலுது?

லாரி மாதிரி டிராக்டருக்குத் தனி சேசிஸ் பெரும்பாலும் கிடையாது. இன்ஜினே முதுகெலும்பு. முன் ஆக்சில் தாங்கியும் கிளட்ச் ஹவுசிங்கும் அதோடு போல்ட்டில்தான் நிற்குது. விருதுநகர் கரிசலில் கூலிக்கு உழும் எங்க அப்பா உட்காருவது அந்தப் போல்ட்டுகளை நம்பித்தான்.

கழன்றால் சும்மா முறுக்கி விடாதீங்க. சரியான டார்க்கில் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து ஹவுசிங் வரை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் உழவுக்குப் பின் கோடு விலகியிருந்தால், இணைப்பு பக்கவாட்டில் நழுவி போல்ட்டைத் திருப்புது. (1969-இல் ஜெர்மனியின் ஜங்கர் சோதித்துக் காட்டியது இதைத்தான். ஸ்பிரிங் வாஷரை ரொம்ப நம்பாதீங்க!) கோடு நேராயிருந்தும் லூசு என்றால் போல்ட் நீண்டிருக்கு, இல்லை இடையிலிருந்த துரு, பெயிண்ட் அமுங்கியிருக்கு.

அதிர்வு எங்கிருந்து? கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் அதற்குப் பின்னால் தேடுங்க. நிற்காவிட்டால் முதலில் இன்ஜெக்டரைப் பாருங்க.