பசுவுக்குப் பசு தீனி அளத்தல்

ஏற்காட்டைச் சார்ந்த சேர்வராயன் மலைக் கிராமங்களில் இரண்டு மூன்று கறவைப் பசுக்களை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் அங்கத்தினர் சிலர், கலப்புத் தீனியை எல்லாப் பசுக்களுக்கும் சமமாகப் பங்கிடுகின்றனர். பந்தியில் சமபங்கு நியாயமே; தொழுவத்தில் அது நஷ்டம்.

மூன்று பசுக்கள் உண்டெனக் கொள்வோம். ஒன்று ஈன்று இரண்டு மாதமாகி நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கிறது. மற்றொன்று 5 லிட்டர். மூன்றாவது பால் வற்றிய எட்டு மாதச் சினை. உடலைக் காக்க 1½ கிலோவும், கறக்கும் ஒவ்வொரு 2½ லிட்டருக்கும் 1 கிலோவும், சினையின் கடைசி இரண்டு மாதங்களில் கன்றின் பொருட்டு 1½ கிலோவும் வேண்டுமென்பது பொது விதி. அதன்படி முதற்பசுவுக்கு 5½, அடுத்ததற்கு 3½, சினைப்பசுவுக்கு 3. ஆக 12 கிலோ. இதே 12 கிலோவை நான்கு நான்காகப் பங்கிட்டால் செலவில் ஒரு காசும் மிச்சமில்லை. அதிகம் கறக்கும் பசுவோ 1½ கிலோ குறைவுபட்டு, தன் உடலைக் கரைத்துப் பால் தருகிறது. பின்னர்ப் பால் இறங்குவதோடு, அது பருவத்துக்கு வருவதும் தாமதிக்கிறது. ஓர் ஈற்று தள்ளிப்போவதால் நேரும் நஷ்டத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. சினைப்பசுவோ கொழுத்து, ஈனுகையில் வருந்தக்கூடும்.

இவ்விதி பசும்புல்லும் தட்டையும் போதுமான அளவு கிடைப்பதை உத்தேசித்தது. புல் காய்ந்த கோடையில் தீனியைச் சற்றுக் கூட்டவே வேண்டும். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பி மலிவென்று அதைக்கொண்டு அளவை நிரப்புதல் தகாது. அதில் மாவுச்சத்தும் நாருமே மிகுதி. புரதம் மிகச் சொற்பம். கடலைப் புண்ணாக்கோ எள்ளுப் புண்ணாக்கோ உடன் சேர்ந்தாலன்றி அது பாலாகாது.

2012-ல் தொடங்கிய தேசியப் பால்பண்ணைத் திட்டத்தின் முதற்கட்டத்தில், ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் எண் வில்லையிட்டு, மார்புச் சுற்றளவையும் பாலையும் அளந்து, தனித்தனியே தீனி கணித்துக் கூறினர். எடையை நாடாவினாலேயே மதிக்கலாம்: மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுக்க வேண்டும். அளவு அங்குலத்தில், விடை கிலோவில். சுற்றளவு 60, நீளம் 54 ஆயின் எடை ஏறக்குறைய 295 கிலோ.

வாரத்தில் ஒரு நாள் காலையும் மாலையும் ஒவ்வொரு பசுவின் பாலையும் தனியே அளந்து எழுதி, அதற்கேற்பத் தீனியை மாற்றுவது போதுமானது. மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல், அரைக் கிலோ வீதம் சில நாட்களில் ஏற்ற வேண்டும்; ஒரு நாளைய பங்கையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தே வைக்க வேண்டும். பசுக்களை எட்டிக் கட்டாவிடில் முரட்டுப் பசு அடுத்ததன் பங்கையும் தின்றுவிடும்.