வலிக்காத கொப்புளம்

கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கி, உங்கள் ஈறுகளைப் பாருங்கள். ஏதேனும் ஒரு பல்லின் வேர்ப்பக்கம் கடுகளவோ மிளகளவோ ஒரு சிறு மேடு தெரிகிறதா? தொட்டால் வலி இல்லையா? "வலிக்கவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அது ஏன் வலிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

பல்லின் நடுவே பல்கூழ் என்ற மென்மையான திசு உண்டு. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில்தான் ஓடுகின்றன. சொத்தை வழியே பாக்டீரியாக்கள் அங்கு நுழைந்தால் கூழ் வீங்க முயலும். கை வீங்கினால் தோல் இடங்கொடுக்கும். பல்லின் கெட்டிச் சுவர் இடங்கொடாது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு துடிக்கிறது. கிராம்பை அடக்கிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறோமே, அது இந்தக் கட்டம்தான். பிறகு ஒரு நாள் வலி நின்றுவிடுகிறது. கிராம்பு வென்றது என்று மகிழ்கிறோம். பெரும்பாலும், உள்ளே கூழ் இறந்திருக்கும்.

கிருமிகளோ சாகவில்லை. வேர்நுனித் துளை வழியே தாடை எலும்பை எட்டுகின்றன. அங்கே சீழ் சேர்கிறது. எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. சீழ் தடை குறைந்த பக்கமாக வழி கண்டு ஈறில் வந்து திறக்கிறது. அந்த வாசல்தான் நீங்கள் பார்த்த மேடு. பிரஷர் குக்கரின் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி வெளியேறுவதால் குக்கர் வெடிக்கவில்லை. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் மேடு அமுங்கும், சில நாளில் மீண்டும் எழும்.

எந்தப் பல் குற்றவாளி? நேர் எதிரே இருப்பதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மருத்துவர் மேட்டின் வாய் வழியே கட்டாபெர்ச்சா என்னும் மெல்லிய குச்சியைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார். படத்தில் அது வெண்கோடாக, நோயுற்ற வேர் வரை வழிகாட்டும். (மலேயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து வந்த பொருள் இது. 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டதும் இதுவே!) பிறகு வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, அதே கட்டாபெர்ச்சாவால் அடைப்பார். மேட்டைத் தொடவே வேண்டாம். மூலம் அடைபட்டால் பெரும்பாலும் அது தானாக மறையும். சிதம்பரம் பக்கத்து மாணவர்களுக்கு அண்ணாமலை நகரிலேயே, 1980-இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எல்லா மேடும் சீழ்வாசல் அல்ல. கல் போல் கெட்டியாக, ஆண்டுக்கணக்கில் மாறாமலிருப்பது வெறும் எலும்புப் புடைப்பாக இருக்கலாம், அதனால் தீங்கில்லை. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ கட்டியோ, அதுவும் புகையிலை பழக்கமுள்ள பெரியவர் வாயில் கண்டால், உடனே காட்டச் சொல்லுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

தம்பி தங்கையின் வாயையும் பாருங்கள். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பலர் பால்பல் என்றே எண்ணி, "விழுந்து முளைக்கும்" என்று சொத்தையோடு விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், விழுந்தால் மறுபடி முளைக்காது.